உங்களுக்குத் தெரியுமா? மின்னலின் முதல் பொறி இன்னும் புதிர்தான்!

இடிமேகத்துக்குள் ஓயாத மோதல். மேலே ஏறும் பொடிப் பனித்துகள்கள், மிளகளவுப் பனிமணிகளோடு உரசிப் போகின்றன. துகள் நேர்மின்னூட்டத்தோடு உச்சிக்குப் போகும். கனத்த மணி எதிர்மின்னூட்டத்தோடு நடுவில் தங்கும். சிக்கல் இனிமேல்தான். தரைமட்டக் காற்றில் பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். பலூன் விட்டு அளந்தால் மேகத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறுகிறது! உயரத்தில் காற்று மெலிந்திருப்பதைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. மிச்சத்துக்குக் கைகொடுப்பது பனியின் கூர்முனையா, விண்ணிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்களா? விஞ்ஞானிகளிடையே வழக்கு தீரவில்லை.

அந்தக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறப்பிக்கும் மியூவான் என்னும் நுண்துகள்களை வைத்து மேகத்தையே அளந்தது நம் ஊட்டி. அங்குள்ள கிரேப்ஸ்-3 தொலைநோக்கி, 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேல் நகர்ந்த இடிமேகத்தில் கண்ட மின்னழுத்தம்: சுமார் 130 கோடி வோல்ட்.