மோட்டாருக்கு எத்தனை எச்.பி.?

ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கச் செல்வோர் கடையில் முதலில் சொல்வது குதிரைத்திறனைத்தான். பக்கத்துத் தோட்டத்தில் 5 எச்.பி. ஓடுகிறது என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். கணக்குப்படி அது கடைசியில் வர வேண்டிய விடை.

நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும், அதை எத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும் என்ற இரண்டுமே திறனை முடிவு செய்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ இருப்பதால், லிட்டரை மீட்டரால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8 ஆல் மீண்டும் பெருக்கினால், தண்ணீருக்குச் சேர வேண்டிய திறன் வாட் அளவில் கிடைத்துவிடும்.

உயரத்தை அளப்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். நீர்மூழ்கி மோட்டாரை 100 மீட்டர் ஆழத்தில் இறக்கியிருந்தாலும், குழாயைச் சூழ்ந்து நிற்கும் தண்ணீரே தன் அழுத்தத்தால் குழாய்க்குள் இருப்பதை நீர்மட்டம் வரை தாங்கிக்கொள்வதால், அந்த மட்டத்துக்கு மேல் உள்ள உயரம் மட்டுமே கணக்கில் சேரும். அதுவும் காலையில் கயிறு விட்டுப் பார்க்கும் மட்டமன்று, சில மணி நேரம் இறைத்தபின் இறங்கி நிற்கும் மட்டம். கோடையில் அது இன்னும் கீழே போகும். குழாயின் உட்சுவரிலும் எல்போ, வால்வு முதலியவற்றிலும் தண்ணீர் உரசுவதால் நேரும் இழப்பையும் மீட்டராக மாற்றிக் கூட்ட, மொத்த ஏற்ற உயரம் வரும். கடைக்காரர்கள் இதனை ‘ஹெட்’ என்பர்.

இறைக்கும்போது நீர்மட்டம் 60 மீட்டரில் நிற்க, நொடிக்கு 3 லிட்டர் தேவைப்பட, இரண்டு அங்குலக் குழாயில் உராய்வு இழப்பு 6 மீட்டர் என்று கொண்டால், 3, 66, 9.8 ஆகியவற்றின் பெருக்கம் சுமார் 1,940 வாட். பம்ப் தன் தண்டுக்கு வரும் திறனில் பாதியையே தண்ணீருக்குத் தருமானால் 3,880 வாட் தேவை. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் இது 5.2 எச்.பி. ஆகும். 5 எச்.பி. மயிரிழையில் போதாமல் போகிறது.

அதே கிணற்றில் ஒன்றரை அங்குலக் குழாய் போட்டால் உராய்வு நான்கு மடங்குக்கு மேல் பெருகி, தேவை 6.6 எச்.பி.யைத் தாண்டிவிடும். வேளாண் மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில் இந்த வீண்செலவு எந்த ரசீதிலும் தெரிவதில்லை.

திறன் போதாமல் போகும் என்று அஞ்சி மிகப் பெரிய மோட்டாரைப் போடுவதும் ஆகாது. ஊற்று நொடிக்கு 2 லிட்டரே தரும் கிணற்றில் 4 லிட்டர் இழுக்கும் பம்பை இறக்கினால், மட்டம் விரைவில் பம்ப் வரை இறங்கி, தண்ணீரோடு காற்றும் வர, தடுப்புக் கருவி இல்லாவிடில் மோட்டாரின் காயில் கருகிப்போகும்.