முக்கோணத்தின் அறியாக் கோணம்

முக்கோணமொன்றின் மூன்று புஜங்களின் நீளமும் தெரிந்துவிட்டால் அதன் உருவம் நிச்சயமாகிவிடுகின்றது. ஆகவே கோணங்களும் அப்புஜங்களுக்குள்ளேயே மறைந்து கிடக்கின்றன. அவற்றை வெளிப்படுத்துவதே திரிகோணமிதி.

7, 8, 13 அடி நீளமுள்ள மூன்று மூங்கிற்கழிகளை முனையோடு முனை சேர்த்துக் கட்டுவோம். 7 அடிக் கழிக்கு எதிர்க்கோணத்தை அறிய வேண்டின், மற்றை இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, 7இன் வர்க்கமாகிய 49ஐக் கழித்து, மிகுந்த 184ஐ, 8, 13 என்பவற்றின் பெருக்கத்தில் இரட்டியாகிய 208ஆல் வகுத்தல் வேண்டும். வரும் 0.8846 அக்கோணத்தின் கோஸைன். அட்டவணையிற் பார்க்கக் கோணம் 27 பாகை 48 கலை.

இதுகாறும் தொல்லையில்லை. ஒரு கோணம் கிடைத்தபின் இந்நீண்ட கணக்கை மறுபடியும் செய்ய மாணவர் மனம் ஒருப்படுவதில்லை. எளிதாகிய ஸைன் விதியையே நாடுவர். புஜங்கள் எதிர்க்கோணங்களின் ஸைன்களுக்கு விகிதசமமாதலின், 27 பாகை 48 கலையின் ஸைனாகிய 0.4664ஐ 13ஆற் பெருக்கி 7ஆல் வகுக்க 0.866 வரும். அட்டவணை 60 பாகை என்று கூறும். எஞ்சிய கோணத்தை 180இலிருந்து கழித்து 92 பாகை 12 கலை எனக் குறித்து, கூட்டுத்தொகை சரியாயிருக்கக் கண்டு நாமும் ஒருகால் மகிழ்ந்ததுண்டு.

அவ்விடை பிழை. 60 பாகைக்கும் 120 பாகைக்கும் ஸைன் ஒன்றே. அட்டவணையாயினும் கணக்கிடும் பொறியாயினும் சிறிய கோணத்தை மாத்திரமே கூறும். நீண்ட புஜத்துக்கு எதிரே பெரிய கோணம் நிற்றல் வேண்டுமன்றோ? இங்கே 8 அடிக்கு எதிரே 92 பாகையும் 13 அடிக்கு எதிரே 60 பாகையும் நிற்கின்றன! கோஸைன் இவ்வாறு மோசஞ்செய்யாது. விரிகோணமாயின் குறைக்குறியோடு வரும். 49ஐயும் 64ஐயும் கூட்டி 169ஐக் கழிக்க -56. அதனை 112ஆல் வகுக்க -½. கோணம் 120 பாகை. எஞ்சியது 32 பாகை 12 கலை. ஆதலால் மிகப் பெரிய புஜத்தின் எதிர்க்கோணத்தையே முதலிற் கோஸைனாற் காண்க. மற்றவை இரண்டும் குறுங்கோணங்களாகவே இருக்குமாதலின், ஸைனை அச்சமின்றி வழங்கலாம்.

கழித்துப் பெற்ற கோணம் ஒருபோதும் சாட்சியாகாது. 1802ஆம் ஆண்டிற் சென்னைப் பரங்கிமலைக்கருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து லாம்ப்டன் தொடங்கிய பெரிய திரிகோண அளவையில், இரண்டு கோணங்கள் போதுமாயினும் மூன்றையும் அளத்தலே முறையாயிற்று. பூமி உருண்டையாதலின், பெரிய முக்கோணங்களிற் கூட்டுத்தொகை 180 பாகைக்குச் சற்று மிகும். சுமார் 76 சதுர மைல் பரப்புக்கு ஒரு விகலை. அம்மிகுதியை நீக்கிய பின்னரும் எஞ்சுவது யாதோ, அதுவே கருவியினுடையவும் கண்ணினுடையவும் பிழை.