வாயு வருகிறது என்று சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "அதை நிறுத்திட்டேன் டாக்டர், ஒரே வாயு. இப்ப மூலிகைப் பொடிதான்" என்கிறார்கள். இந்தப் பதிலை அடிக்கடி கேட்கிறேன். நிறுத்தியது பெரும்பாலும் வோக்லிபோஸ், அகார்போஸ் அல்லது அவை சேர்ந்த கூட்டு மாத்திரை.

வாயு ஏன்?

சோறு, இட்லியில் உள்ள மாவுச்சத்தைச் சிறுகுடலில் குளுக்கோஸாக உடைக்கும் நொதிகளை இம்மாத்திரைகள் தடுக்கின்றன. சாப்பிட்டதும் சர்க்கரை சட்டென ஏறாது. உடையாமல் பெருங்குடலுக்குப் போவதை அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைப்பதால் வாயு உண்டாகிறது. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். சாப்பிட்டுக் கை கழுவியபின் போட்டால் பலனில்லை. முதல் கவளத்தோடு போட வேண்டும்.

"மூலிகையும் அதைத்தானே செய்யுது?"

பொன்கொரண்டி வேரைக் காட்டி இப்படிக் கேட்கிறார்கள். இலங்கையில் 'கொத்தல ஹிம்புட்டு' என்று அழைக்கப்படும் இந்த இனத்தில் சலாசினால் என்ற பொருள் இருப்பதையும், அது அதே நொதிகளைத் தடுப்பதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டார்கள். உண்மைதான். ஆனால் சோதனைக் குழாயில் நொதியைத் தடுப்பது வேறு, நோயாளியின் உடம்பில் சர்க்கரையை ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைப்பது வேறு. ஆவாரம்பூவுக்கும் நாவல்கொட்டைக்கும் இதுவே பதில். இயற்கைதான் வேண்டும் என்கிறீர்களா? அகார்போஸும் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிடமிருந்து எடுத்ததே. ஆனால் அதை எவ்வளவு, எப்போது தரலாம், யாருக்குக் கூடாது என்று சோதித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கும் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது? 'மூலிகை' என்று விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பொடியைத் தின்று சர்க்கரை அடியோடு இறங்கி மயங்கியவர்கள் உண்டு.

சர்க்கரை இறங்கினால் சீனி போதாது

வோக்லிபோஸுடன் கிளிமெபிரைடு சேர்ந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கை நடுங்கி வியர்த்தால் சீனியோ மிட்டாயோ உடனே உதவாது; சீனியை உடைக்கும் நொதியையும் மாத்திரை தடுத்திருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரைகள் வேறொரு நொதியான டிபிபி-4ஐத் தடுக்கின்றன. இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோனைச் சில நிமிடங்களில் சிதைப்பது இந்த நொதி. காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறாரே என்று இவற்றைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்குவது கூடிவிட்டது. சிறுநீரகம் பழுதானவருக்கு இவற்றின் அளவைக் குறைக்க வேண்டும். முதுகுவரை குத்தும் கடும் வயிற்றுவலி வந்தால் கணைய அழற்சியா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

எந்த மாத்திரை எடுத்தாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கண், கால் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

வாயு தொல்லை கொடுத்தால் வந்து சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். எங்களிடம் சொல்லாமல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.