தயக்கத்தை அளந்து பார்ப்போம்

கரையில் நிற்கும் வள்ளத்தைக் கடலில் இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? திருநெல்வேலி மாவட்டத்தின் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற ஊர்களில் உள்ள மாணவர்களுக்கு இது பழகிய காட்சி. ஏழெட்டுப் பேர் கூடித் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். வள்ளம் அசையாது. இன்னும் சற்று விசை கூட்டியதும் சட்டென்று நகரும். நகர்ந்த பிறகு முன்பிருந்த அளவு வலிமை வேண்டியிருப்பதில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. ஓய்வில் உள்ள பொருளை அசைக்க நிலை உராய்வை வெல்ல வேண்டும். நகரும் பொருளை எதிர்ப்பது இயக்க உராய்வு. பெரும்பாலான பரப்புகளில் நிலை உராய்வின் உச்ச அளவு இயக்க உராய்வைவிட அதிகம். எனவே முதல் தள்ளுதான் கடினம்.

புதிய வேலை ஒன்றைத் தொடங்கும்போது நம் மனமும் இப்படித்தான் அடம்பிடிக்கிறது. ஆனால் மனத்திற்கு உராய்வுக் குணகம் கிடையாது. ஆகவே இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. மனத்தின் தயக்கத்தை அளக்க வேறு கருவிகள் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இக்கட்டுரையில் காண்போம். எடுத்துக்காட்டாக, இன்று பல இளைஞர்கள் இறங்கத் துடிக்கும், ஆனால் இறங்க அஞ்சும் ஒரு துறையை எடுத்துக் கொள்வோம். அதுதான் டிஜிட்டல் மார்க்கெட்டிங்.

கருப்பட்டியும் கைப்பேசியும்

ஒரு பொருளையோ சேவையையோ பற்றி வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம், கூகுள் தேடல் போன்ற வழிகளில் மக்களுக்குத் தெரிவித்து, அவர்களை வாங்கச் செய்வதே டிஜிட்டல் மார்க்கெட்டிங். கடைத்தெருவில் கூவி விற்பதற்கும் இதற்கும் அடிப்படையில் ஒரே ஒரு வேற்றுமைதான். இங்கே எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் நின்று கேட்டார்கள் என்பதெல்லாம் எண்ணிக்கையாகக் கிடைக்கும். எண்ணிக்கை கிடைக்கும் இடத்தில் அறிவியலுக்கு வேலை உண்டு அல்லவா?

உவரியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிக் கொள்ளுங்கள். அவள் தந்தை பனையேறுபவர். பருவ காலத்தில் அவர் இறக்கி வரும் பதநீரை அம்மா விடிலியில் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குகிறார். விலையை வீட்டிற்கு வரும் வியாபாரியே சொல்கிறார். நகரத்துக் கடையில் அதே கருப்பட்டி என்ன விலைக்குப் போகிறது என்பதையும், அதில் சீனிப்பாகு கலப்பவர்கள் உண்டு என்பதையும் மாணவி அறிவாள். அருகிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்த செய்தியையும் படித்திருக்கிறாள். அம்மா காய்ச்சுவதைப் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டினால் என்ன என்று நினைக்கிறாள். ஆனால் கை எழவில்லை.

‘ஊரே சிரிக்குமே!’, ‘எனக்கு இங்கிலீஷ் வராதே!’, ‘யாரும் வாங்காவிட்டால்?’, ‘இதற்கெல்லாம் பெரிய ஆட்கள் இருக்கிறார்களே!’

இத்தகைய எண்ணங்கள் இவளுக்கு மட்டும் உரியவை அல்ல. 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய 150-க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து எழுதினார்கள். வெற்றி பெற்றவர்களிடமே ‘எனக்கு உண்மையில் திறமை இல்லை, என்றாவது ஒருநாள் இது வெளிப்பட்டுவிடும்’ என்ற அச்சம் இருந்தது! ஆகவே ஐயம் எழுவது திறமையின்மைக்குச் சான்றாகாது. இனி அவளுடைய ஐயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

ஊரே பார்க்கிறதா?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். அணிந்தால் வெட்கப்படும்படியான பாடகர் படம் போட்ட பனியன் ஒன்றை ஒரு மாணவருக்கு மாட்டி, பிற மாணவர்கள் அமர்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பின்னர், ‘உன் பனியனில் இருந்த படத்தை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?’ என்று கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் என்றார்கள் பனியன் அணிந்தவர்கள். அறையில் இருந்தவர்களைக் கேட்டபோது உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கினரே! இம்முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

நம் குறை நம் கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே பெரிதாகத் தெரிகிறது. பிறருக்கோ அவரவர் பனியனைப் பற்றிய கவலை!

முப்பது பேர் பார்த்தும் ஒருவரும் கேட்கவில்லையே!

மாணவி துணிந்து ஒரு சிறு படத்தை வெளியிட்டுவிட்டாள் என்று வைத்துக் கொள்வோம். முப்பது பேர் பார்த்தார்கள். விலை கேட்டவர் ஒருவரும் இல்லை. ‘நான் இதற்கு லாயக்கில்லை’ என்று அவள் முடிவு கட்டலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படம் நன்றாகவே இருக்கிறது. பார்க்கும் 100 பேரில் சராசரியாக 2 பேர் விலை கேட்பார்கள் என்று கொள்வோம். அப்படியானால் ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்காமல் போவதற்கான நிகழ்தகவு 0.98. இருவருமே கேட்காமல் போவதற்கு 0.98 × 0.98, அதாவது 0.9604. இவ்வாறு 0.98-ஐ முப்பது முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.55 வரும். இதன் பொருள் என்ன? நல்ல படத்தை வெளியிடும் 100 பேரில் 55 பேருக்கு முதல் முப்பது பார்வையாளரிடமிருந்து ஒரு கேள்விகூட வராது! பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த இடத்திலேயே கைவிட்டுவிடக் கூடும். அவர்களைத் தோற்கடித்தது திறமைக் குறைவன்று, கணக்குப் போடாததே.

நூறு பேர் பார்த்தும் ஒருவரும் கேட்காமலிருக்கும் நிகழ்தகவு 0.13. நூற்றைம்பது பேர் என்றால் 0.05. அந்த நிலையில், ‘நூற்றுக்கு இரண்டு என்ற என் எண்ணம் தவறு போலும், படத்தை மாற்ற வேண்டும்’ என்று முடிவு செய்வது நியாயம். அப்போதும் மாற வேண்டியது படம், விலை, அல்லது பார்க்கும் கூட்டம். அதை வைத்து மாணவியின் தகுதியை அளக்க முடியாது.

நினைவில் வைக்க எளிய விதி ஒன்று உண்டு. n பேர் பார்த்து ஒருவரும் கேட்கவில்லை என்றால், உண்மை விகிதம் பெரும்பாலும் 3/n-க்கு மேல் இராது. முப்பது பேருக்கு இது 3/30, அதாவது 10 விழுக்காடு. பூச்சியத்திலிருந்து பத்து விழுக்காடு வரை எதுவாகவும் இருக்கலாம்! முப்பது பேரை வைத்துச் சொல்லக் கூடியது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முப்பது பேர் யார்? பெரும்பாலும் அவளுடைய ஊர்க்காரர்களும் உறவினர்களுமே. அவர்கள் வீட்டிலேயே கருப்பட்டி இருக்கும்! உவரியில் கருப்பட்டி விளம்பரம் செய்வது கடலோரத்தில் உப்பு விற்பது போலத்தான். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் நெல்லைக்காரர்களிடம் அந்தப் படம் போய்ச் சேர வேண்டும். ஆய்வுக்கு எடுக்கும் கூறு பொருத்தமாக இல்லையென்றால் முடிவும் பொருந்தாது என்பதைப் புள்ளியியலில் படிப்பீர்கள்.

நேற்று 14, இன்று 9

நேற்றைய படத்திற்கு 14 லைக், இன்றைய படத்திற்கு 9. மனம் சோர்கிறது. சோர வேண்டுமா?

கதிரியக்கத்தை அளக்கும் கைகர் எண்ணியைப் பாருங்கள். தென்கோடிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது. அத்தகைய மணலுக்கு அருகே கருவியை வைத்து நிமிடத்துக்கு எத்தனை ‘டிக்’ என்று எண்ணினால், ஒரு நிமிடம்போல் மறு நிமிடம் இராது. மணல் மாறிவிட்டதா? இல்லை. தற்செயல் நிகழ்ச்சிகளை எண்ணும்போது எண்ணிக்கை N என்றால், அது ஏறத்தாழ √N அளவு இப்படியும் அப்படியும் ஆடும். 9 என்ற எண்ணிக்கை 6-க்கும் 12-க்கும் இடையே எளிதாக ஆடக் கூடியது. 14 என்பது 10-க்கும் 18-க்கும் இடையே. இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன அல்லவா? எனவே 14-க்கும் 9-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எதையும் சொல்ல இயலாது. மக்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்பவர்கள். ஆதலால் லைக் எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே ஆடும்.

900-உம் 1,400-உம் என்றால் கதை வேறு. 900-க்கு ஆட்டம் 30 தான். 1,400-க்கு 37 தான். அப்போது வேறுபாட்டிற்குக் காரணம் தேடலாம்.

பெரிய ஆட்களும் நாமும்

கடற்கரையில் நடக்கும்போது கண்ணில் படுவது அலை கரையில் ஒதுக்கிய சிப்பிகள் மட்டுமே. கடலுக்குள் கிடப்பவற்றை நாம் காண்பதில்லை. இணையத்திலும் அப்படியே, வென்றவர்களே கண்ணில் படுவார்கள். அவர்களோடு நம்மை ஒப்பிடுவது சரியான அளவையாகாது. ஆனால் அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்று பார்ப்பதில் பயன் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த உறவினர்கள் சிலர் தம் தாத்தாவுடன் வயல்வெளியில் சமைப்பதைப் படம் பிடித்து, 2018-இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்ற யூடியூப் தொடரைத் தொடங்கினார்கள். 2021-இல் அதன் சந்தாதாரர் ஒரு கோடியைத் தாண்டினார்கள். அவர்கள் பேசியது தமிழ். காட்டியது தம் ஊர் வயலும் பாத்திரமும். ஆங்கிலம் வராதே என்று நம் மாணவி தயங்கினாளே, அதற்கு இது ஒரு விடை.

இன்னொரு விடை அவள் ஊரிலேயே இருக்கிறது. கப்பல் வடிவில் மாதா ஆலயம் எழுந்து நிற்கும் அதே உவரியில் பிறந்தவர் ஜோ டி குருஸ். கப்பல் வணிகத் துறையில் பணியாற்றியவர். தம் கரையோர மக்களின் வாழ்வை அவர்களுடைய பேச்சு வழக்கிலேயே ‘ஆழி சூழ் உலகு’ என்ற நாவலாக எழுதி 2004-இல் வெளியிட்டார். அடுத்து அவர் எழுதிய ‘கொற்கை’ 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உவரிப் பேச்சு வெளியே எடுபடாது என்று இனி யார் சொல்ல முடியும்?

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

‘என்னால் முடியும்’ என்று கண்ணாடி முன் நின்று நூறு முறை சொன்னால் நம்பிக்கை வந்துவிடுமா? ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதற்கு விடை கூறினார். தன்னால் இயலும் என்ற எண்ணம் நான்கு ஊற்றுகளிலிருந்து சுரக்கிறது: தானே செய்து பெற்ற சிறு வெற்றிகள், தன்னைப் போன்றவர் செய்வதைக் காணல், பிறர் தரும் ஊக்கம், உடலும் உள்ளமும் பதற்றமின்றி இருத்தல். இவற்றுள் முதலாவதே மிக வலியது. நம்பிக்கை வந்த பிறகு செயல் என்று காத்திருக்கிறோம். உண்மையில் சிறு செயல்தான் நம்பிக்கையை உண்டாக்குகிறது.

ஆகவே படிகளைச் சிறிதாக வெட்டிக் கொள்ளுங்கள். முதல் வாரம், கருப்பட்டி காய்ச்சுவதை ஒரு நிமிடம் படம் பிடித்து வீட்டாருக்கு மட்டும் காட்டலாம். அடுத்து, வெளியூரில் உள்ள பத்து உறவினருக்கு அனுப்பலாம். பிறகு ஒரே படத்திற்கு இரண்டு விதத் தலைப்பு இட்டு எது எடுபடுகிறது என்று பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஊசல் சோதனையில் நீளத்தையும் குண்டின் நிறையையும் ஒரே சமயத்தில் மாற்றமாட்டீர்கள் அல்லவா?

சில எச்சரிக்கைகள். பெற்றோருக்குத் தெரிந்தே செய்யுங்கள். கணக்கும் பணமும் பெரியவர் பெயரில் இருக்கட்டும். உணவுப் பொருளை விற்கச் சிறு உற்பத்தியாளரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். கலப்படமற்றது என்று சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். ‘முப்பதே நாளில் லட்சம் சம்பாதிக்கலாம், கட்டணம் கட்டிச் சேருங்கள்’ என்று அழைப்பவரிடம் எச்சரிக்கை தேவை. அவர்கள் விற்கும் சரக்குக்கு முதலீடே உங்கள் தயக்கம்தான்!

இரண்டு வகை ஐயம்

ஐயமே கூடாது என்று இதற்குப் பொருளன்று. ஐயம் இல்லாமல் அறிவியல் இல்லை. ‘நான் லாயக்கானவளா?’ என்பது ஒரு வகை ஐயம்; இதற்குச் சோதனை எதுவும் வைக்க முடியாது. எனவே அது தீராமல் சுற்றிக் கொண்டே இருக்கும். ‘இந்தப் படத்தைப் பார்க்கும் நூறு பேரில் எத்தனை பேர் விலை கேட்கிறார்கள்?’ என்பது மற்றொரு வகை. இதை எண்ணிப் பார்த்துவிடலாம். முதல் வகை ஐயம் தோன்றும்போதெல்லாம் அதை இரண்டாம் வகைக் கேள்வியாக மாற்றிக் கேட்கப் பழகுங்கள். விடை ‘இல்லை’ என்று வந்தாலும் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பது தெரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

ஒரு பையில் 100 புளியங்கொட்டைகளைப் போடுங்கள். அவற்றில் இரண்டுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசி நன்கு காயவிட்டிருங்கள். பார்க்காமல் ஒன்றை எடுங்கள். நிறத்தைக் குறித்துக் கொண்டு மீண்டும் பைக்குள் போட்டுக் குலுக்குங்கள். இப்படி முப்பது முறை. வகுப்பில் 40 பேர் இருந்தால் 40 பேரும் செய்யுங்கள். எத்தனை பேருக்கு ஒரு வெள்ளைக் கொட்டைகூடக் கிடைக்கவில்லை? ஏறத்தாழ 22 பேர் கை தூக்குவார்கள் என்கிறது கணக்கு.

அவர்களில் யாராவது திறமை குறைந்தவரா? பை எல்லோருக்கும் ஒன்றுதானே! இன்னும் நூறு முறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.