வாள் வாங்குவதற்கு முன் கால் பழகட்டும்

கண்டி எசல பெரஹராவின் இறுதி ரந்தோலி ஊர்வலம் முடிந்ததும், கெட்டம்பேயில் மகாவலிக்குள் இறங்கி வாளால் நீரை வெட்டும் சடங்கு நடக்கும். கண்டியில் வாளுக்கு இன்று மிச்சமிருக்கிற வேலை அநேகமாக அவ்வளவுதான். மற்றபடி சிங்கமுகப் பிடி போட்ட கஸ்தானே வாள்கள் நூதனசாலைக் கண்ணாடிக்குள் கிடக்கின்றன. ஆனால் உடற்பயிற்சி என்ற பெயரில் வாள்வீச்சு வேறொரு வழியால் திரும்பி வந்திருக்கிறது. மத்திய கால ஐரோப்பியர் இரு கையாலும் பிடித்த நெடுவாளைப் பழைய கையெழுத்து நூல்களிலிருந்து மீட்டெடுத்தவர்களின் காணொளிகள் கைபேசியில் ஓடுகின்றன. பார்க்கிறவர்களுக்குக் கை துருதுருக்கிறது. சோடி சேர ஆளில்லை, பக்கத்தில் ஆசானும் இல்லை, தனியாகவே தொடங்குகிறார்கள்.

தொடங்கட்டும், நல்லதுதான். நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை பார்க்கிறவருக்குத் தோள், இடுப்பு, கால் மூன்றையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும் பயிற்சிகள் அதிகமில்லை. ஆனால் பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: முதலில் பாரம், பிறகு வேகம், கடைசியில் கால். அந்த ஒழுங்கில் போனால் முழங்கை நோவு வருவதற்கு அதிக நாள் எடுக்காது.

நம் கைக்கு எட்டியது கம்பு

நெடுவாள் ஏறத்தாழ நான்கு அடி நீளம். எடை பெரும்பாலும் 1.2 முதல் 1.6 கிலோ வரை. சினிமாவில் காட்டுகிற அளவுக்குப் பாரமான ஆயுதம் அல்ல அது. கண்டியின் கஸ்தானே ஒற்றைக் கை வாள். அதன் வேலையே வேறு. சிங்களவரின் தற்காப்புக் கலையான அங்கம்பொரவில் ஆயுதப் பிரிவுக்கு இலங்கம்பொர என்று பெயர். 1818 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அங்கம்பொரவைத் தடை செய்தார்கள் என்றும், மறைவில்தான் அது பிழைத்தது என்றும் அதன் ஆசான்கள் சொல்வார்கள்.

இருகை ஆயுதம் என்று பார்த்தால் இந்தப் பக்கத்துத் தமிழருக்குச் சொந்தமானது சிலம்பம். காப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை தொடங்கிய பிறகும் மலையேறி வந்தவர்கள் கொண்டுவந்த கலைகளில் ஒன்று அது. கோவில் திருவிழாவில் கம்பு சுற்றிய ஒரு பெரியவரைப் புசல்லாவையிலோ கலஹாவிலோ தெல்தோட்டையிலோ விசாரித்தால் கண்டுபிடிக்கலாம். புருவ உயரம் வரும் ஒரு கம்பு, இரண்டு கை, இரண்டு பக்கமும் சமமான வீச்சு: நெடுவாளுக்குத் தேவையான உடலை உருவாக்க இதைவிட நல்ல கருவி கிடைக்காது. நெடுவாளே வேண்டும் என்கிறவர்கள்கூட முதல் ஆறு மாதத்துக்குக் கம்பை எடுப்பதுதான் புத்தி. கம்பும் இல்லையென்றால் தும்புத்தடியின் பிடி போதும்.

இதற்கு உடல்நலம் சாராத ஒரு காரணமும் உண்டு. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, 2019 மே மாதத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் பொதுமக்களுக்கு அறிவித்தது நினைவிருக்கும். கூரில்லாத பயிற்சி வாளாக இருந்தாலும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற ஊர் இதுவல்ல.

முதல் மாதம் வெறும் கால்

கண்டிய நடனம் கற்கும் பிள்ளைகளுக்கு முதலில் வாய்ப்பது உடுப்பும் அல்ல, வெஸ் தலையணியும் அல்ல. முழங்கால் மடக்கி வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் ‘மண்டிய’ நிலையும், ‘பா சரம்ப’ என்னும் கால் பயிற்சிகளும்தான். சிலம்பத்தில் அதே இடத்தில் காலடி வரிசை வருகிறது. நெடுவாள் ஆசிரியர்களும் இதையேதான் சொன்னார்கள்: வலப்பக்கத்திலிருந்து வெட்டினால் வலது காலும் முன்னே போக வேண்டும். கை மட்டும் போய்க் கால் பின்தங்கினால், கால் செய்ய வேண்டிய வேலை தோளின் தலையில் விழும். தோள் அதற்காகப் படைக்கப்பட்டதல்ல.

தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு காலாக, ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக, தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி நில்லுங்கள். பின்னங்காலை முன்னே கொண்டுவந்து வையுங்கள். அதே வழியில் திரும்பிப் போங்கள். பிறகு கோட்டை விட்டு நாற்பத்தைந்து பாகை சாய்வாக இடமும் வலமும் அடி வையுங்கள். தலை மேலும் கீழும் ஆடக்கூடாது. முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். அது உட்பக்கம் சரிந்தால் மூட்டின் உள்பக்கத் தசைநார்தான் இழுபடும். இரண்டு கையும் இடுப்பில் இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் தொடை எரியத் தொடங்கும். எரியாவிட்டால் நீங்கள் நிமிர்ந்து நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

கண்டியில் சமதரை கிடைப்பதே பெரும் பாடு. சரிவான முற்றத்தில் பழகினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நிற்கும். பழுது இடுப்பில் தெரியும். மழைக்குப் பிறகு சீமெந்துத் தரையில் படியும் பாசி இன்னும் மோசம். மண்டபம், பாடசாலை மைதானம், காய்ந்த மொட்டை மாடி, இவற்றில் எது கிடைத்தாலும் சரி. தட்டையான அடியுள்ள கன்வஸ் சப்பாத்து போதும். குதி உயர்ந்த ஓட்டச் சப்பாத்தில் பக்கவாட்டு அடி வைத்தால் கணுக்கால் பிசகும்.

தோள், முழங்கை, மணிக்கட்டு

தனியாகப் பழகுகிறவருக்கு எதிராளியின் அடி படாது. அவருக்கு வரும் காயமெல்லாம் மெல்ல மெல்ல, தானாகத் தேடிக்கொள்வது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் குற்றவாளி பிடி. புதியவர்கள் கம்பை நெரிக்கிறார்கள். நெரிக்கும்போது முன்கையின் வெளிப்பக்கத் தசைகள் மணிக்கட்டை நிலைநிறுத்த ஓயாமல் இறுகுகின்றன. அவற்றின் நாண் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் வந்து ஒட்டுகிறது. அங்கே நாள்பட்டு வரும் நோவுக்குத்தான் டென்னிஸ் எல்போ என்று பெயர். டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கும் வரும். தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுள்ளென்றால் அதுதான் முதல் எச்சரிக்கை. வீச்சு முழுவதும் விரல்கள் தளர்வாகச் சுற்றியிருந்து, முடியும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். வலக்கைக்காரருக்கு வலக்கை மேலே, இடக்கை பிடியின் அடியில். மேல்கை தள்ள, கீழ்கை இழுக்க, கம்பு நெம்புகோலாக வேலை செய்யும். பலம் அந்தத் தள்ளிழுப்பில் இருக்கிறது, நெரிப்பில் இல்லை.

இரண்டாவது, தோள். கம்பைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு தோளைக் காதுவரை தூக்கினால், தோள் எலும்புக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவே ஓடும் நாண் உராயும். தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகளில் மேலே இருப்பதன் நாண் அது. நாற்பது வயது தாண்டினால் அது தேயத் தொடங்கியிருக்கும் வாய்ப்பும் அதிகம். தோள்பட்டையைக் கீழும் பின்னும் வைத்துவிட்டுக் கையை உயர்த்துங்கள். தலைக்கு மேல் நோவு இருந்தால், காது உயரத்தில் தோளோரமாகக் கம்பை வைத்தே தொடங்கலாம். நெடுவாள் நூல்களிலும் அப்படியொரு நிலை உண்டு.

மூன்றாவது, மணிக்கட்டு. வீச்சை எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர்கள் முழங்கையைப் பூட்டி, மணிக்கட்டைப் பெருவிரல் பக்கமாக வெட்டி நிறுத்துகிறார்கள். பெருவிரல் அடியில் வீக்கமும் நோவும் வருவது இதனால்தான். நீட்டிய கை முற்றாக நேராகிவிடாமல் சிறிது மடங்கியே இருக்கட்டும். வீச்சை நிறுத்தும் பொறுப்பை வயிற்றுக்கும் இடுப்புக்கும் கொடுங்கள்.

தசை சில வாரத்தில் பலப்படும். நாண் அப்படியல்ல, மாதக்கணக்கில்தான் பழகும். மூன்றாம் வாரத்தில் ‘கை நன்றாகப் பழகிவிட்டது’ என்று தோன்றி வீச்சுகளை இரட்டிப்பாக்கும்போதுதான் பலருக்கும் நோவு தொடங்குகிறது. பயிற்சியின்போது வரும் இலேசான நோவு மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயமில்லை. மறுநாள் கூடியிருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

சுவரில் நான்கு இலக்கு

ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் வாழ்ந்த யோவாக்கிம் மேயர் 1570இல் வெளியிட்ட வாள் நூலில், எதிராளியின் உடலை நான்காகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் எண் போட்டு, எந்த ஒழுங்கில் வெட்ட வேண்டும் என்று காட்டும் ஒரு படம் இருக்கிறது. தனியாகப் பழகுகிறவர்கள் இன்றும் அதையே கையாள்கிறார்கள். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். நடுப்புள்ளி நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். கம்பு சுவரில் படாத தூரத்தில் நின்று, மேல் வலம், கீழ் இடம், மேல் இடம், கீழ் வலம் என்று மெதுவாக வீசுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் அடி. பிறகு ஒழுங்கை மாற்றுங்கள். வாயால் எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு அடைக்காது. அதுதான் இங்கே பெரிய இலாபம், ஏனென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

எட்டுச் சுற்று செய்தால், பிடியை மாற்றி இடக்கை மேலே வைத்து எட்டுச் சுற்று. சிலம்பத்தில் இரு பக்கமும் சுற்றுவது வழமை. நெடுவாள் பழகுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். ஒரே பக்கம் மட்டும் பழகினால் முதுகின் ஒரு பக்கம் எப்போதும் இறுகியே கிடக்கும்.

கம்பைக் கீழே வைத்துவிட்டு

வாரத்தில் மூன்று நாள் கம்பு, இடைப்பட்ட நாட்களில் இரண்டு நாள் உடலுக்கான பயிற்சி. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டை மேசை விளிம்புக்கு வெளியே விடுங்கள். மற்றக் கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு மிக மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தடவை, மூன்று முறை. முழங்கை நோவுக்கு இயன்மருத்துவர்கள் சொல்லித் தருவதும் இதே வகைப் பயிற்சிதான். தோளுக்கு, இறப்பர் பட்டியைக் கதவுப் பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளியே இழுங்கள். சுவரில் கைவைத்து அழுத்தி எழும்புவது, ஒரு காலை முன்னே வைத்துக் குந்தி எழும்புவது, ஒற்றைக் காலில் முப்பது வினாடி நிற்பது, கையிரண்டிலும் ஐந்து கிலோ அரிசிப் பையோடு நிமிர்ந்து நடப்பது, இவை போதும். ஜிம் கட்டணம் தேவையில்லை.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. கம்பும் கண்டி வாவியைச் சுற்றிய நடையும் சேர்ந்தால் அந்தக் கணக்கு எளிதாகத் தேறும். நேரம் மட்டும் அதிகாலையாக இருக்கட்டும். மலைகளுக்கு நடுவே கிண்ணம்போலக் கிடக்கும் நகரத்தில் வாகனப் புகை சீக்கிரம் கலைவதில்லை. பாடசாலை நேரத்து நெரிசலில் வாவிக்கரையில் மூச்சு வாங்குவது ஆரோக்கியமல்ல.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியது

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வீசத் தொடங்கக் கூடாது. சட்டைப் பையில் இனிப்பு இருக்கட்டும். நீரிழிவுக்காரருக்குத் தோள் இறுகிப்போகும் நோயும் மற்றவர்களைவிட அதிகம் வரும். ஆகவே கை முதுகுப்பக்கம் போக மறுத்தால், பலவந்தமாக வீசிச் சரிசெய்ய முயல வேண்டாம். விழித்திரையில் நீரிழிவுப் பாதிப்பு உள்ளவர்கள், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதயநோயாளர்கள் ஆகியோர் கிளினிக்கில் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். பயிற்சியின் நடுவே நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போங்கள்.

இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போவது, கம்பு கையிலிருந்து நழுவுவது, இரண்டு வாரம் தாண்டியும் அடங்காத நோவு, இவையும் காட்டிக்கொள்ள வேண்டியவை. காட்டப் போகும்போது, கேலி செய்வார்களோ என்று வெட்கப்பட்டு, ‘பாரம் தூக்கினேன்’ என்று மழுப்பாதீர்கள். எந்த அளவுக் கம்பு, வாரத்தில் எத்தனை நாள், எந்த வீச்சில் நோகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பேனையைப் பிடித்து அந்த வீச்சைச் செய்தும் காட்டுங்கள். எந்த நாண் பழுதென்று வைத்தியர் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும்.