மலிவாக ராலி ஓட்டலாம், மாட்டிக்கொள்ளாமல்

வீட்டில் நிற்கும் காரின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பகுதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வாடகைக்கு விடக்கூடாது, வியாபாரச் சரக்கு ஏற்றக்கூடாது என்பவற்றோடு இன்னொரு வரியும் இருக்கும். பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் தாக்குப்பிடிக்கும் திறனைச் சோதிக்கும் போட்டி ஆகியவற்றில் ஓடும்போது பாலிசி பொருந்தாது. ராலி ஆசையோடு கிளப் வாசலுக்கு வரும் இளைஞர்கள் கார் புரண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜ் என்ன விலை, மண்பாதைக்கு எந்த டயர் நல்லது என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இந்த வரியை வாசித்துவிட்டு வந்தவர்களைக் காண்பது அபூர்வம்.

ராலி பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சில் உண்மை உண்டு. கார், கேஜ், தீ தாங்கும் வெளிநாட்டு சூட், ஒரே வார இறுதியில் தேய்ந்துபோகும் டயர்கள், மெக்கானிக்குகளின் சாப்பாடு, தங்கல், நுழைவுக் கட்டணம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனாலும் நடுத்தர வருமானக்காரர் நுழைய வழிகள் இருக்கின்றன. காரிலும் எஞ்சினிலும் டயரிலும் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். உடம்பைக் காக்கும் சாமானிலும் காகிதத்திலும் பிடித்த மிச்சம்தான் பிற்பாடு ஆளையே விழுங்குகிறது.

முதலில் மலிவான வாசல்கள். காசே இல்லாமல் நுழைய வேண்டுமானால் மார்ஷலாகப் போங்கள். சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953 முதல் இருக்கிறது. கோவைப் பக்கம் கேத்தனூர் காற்றாலை மண்பாதைகளில் தேசிய ராலி நடந்திருக்கிறது. எந்தப் போட்டிக்கும் கொடி காட்டவும், நேரம் குறிக்கவும், பாதைக்குள் ஆடுமாடு வராமல் பார்க்கவும் ஆள் தேவை. ஒரு வளைவில் நாள் முழுக்க நின்றால், யார் எங்கே பிரேக் பிடிக்கிறார், எந்தக் கார் ஏன் புரண்டது என்பது தானே விளங்கும்.

அடுத்தது நேவிகேட்டர் இருக்கை. இதற்குக் கார் வேண்டாம். போட்டி லைசென்ஸ், ஹெல்மெட், சூட், கழுத்துக் காப்பு போதும். ரோடு புக் வாசிப்பதும், பாதையின் வளைவுகளைக் குறிக்கும் பேஸ் நோட்ஸ் எழுதி உரிய கணத்தில் சொல்வதும், டைம் கார்டில் ஒரு நிமிடமும் பிசகாமல் பார்ப்பதும் தனித் திறமை. காசர்கோட்டுக்காரரான மூசா ஷெரீஃப் இந்த இருக்கையில் இருந்தே தேசியப் பட்டங்கள் வென்றவர். ஓட்டத் தெரிந்தவர்கள் ஏராளம். நல்ல நேவிகேட்டருக்குத்தான் பஞ்சம்.

சொந்தக் காரிலேயே இறங்க வேண்டுமென்றால் நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்கிட்டு ஓடும் டி.எஸ்.டி. ராலி. அதில் வேகம் பெரிதில்லை, கணக்குதான் பெரிது. சராசரி 36 கிலோமீட்டர் வேகம் என்று கொடுத்தால் 12 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் கடக்க வேண்டும். சீக்கிரம் வந்தாலும் தாமதமாக வந்தாலும் அபராதப் புள்ளி. எங்கே நேரம் குறிப்பார்கள் என்பது தெரியாது. ரோல் கேஜ் வேண்டாம், காரில் கைவைக்கவே வேண்டாம். வேகம் ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்பவருக்கு, மூடிய மைதானத்தில் ஒவ்வொரு காராக விடும் ஆட்டோகிராஸ் இருக்கிறது.

இங்கேதான் ஒரு கண்ணி. டி.எஸ்.டி. பந்தயமே இல்லை, அதனால் என் பாலிசியே போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேகப் பந்தயம் இல்லைதான். ஆனால் பாலிசி சொல்லும் 'தாக்குப்பிடிக்கும் போட்டி' என்ற வகைக்குள் அது வந்துவிடக்கூடும். சர்வேயர் வரும்போது கதவில் எண் ஒட்டிய கார் பள்ளத்தில் கிடந்தால் விவாதத்துக்கு இடமே இருக்காது. இதற்கென்றே பழைய மோட்டார் டாரிஃப்பில் ஐ.எம்.டி. 31 என்ற எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் இணைப்பு, உண்டு. போட்டியின் பெயரையும் தேதியையும் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டி, எது அடங்கும், எது அடங்காது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் "பாத்துக்கலாம் சார்" என்று சொன்னது கணக்கில் வராது.

சொந்தக் கார் நசுங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். அடிபட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு கொடுக்காமல் இன்சூரன்ஸ் கம்பெனி விலகிக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு சில காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தியது அவற்றில் ஒன்று. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பாட்மேரில் நடந்த தேசிய ராலியில், போட்டிக்காக மூடியிருந்த பாதைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. கார் மோதி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அனுமதி பெற்ற தேசியப் போட்டியிலேயே இப்படி நடக்கும் என்றால், காகிதமே இல்லாமல் நடத்தும் ஊர்ப் போட்டியில் பொறுப்பு யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தலையில். பல வீடுகளில் அது அப்பாவின் பெயர்.

பழைய ராலிக் கார் வாங்குவதை நான் முழுமனதாகப் பரிந்துரைப்பேன். புதிதாகக் கட்டுவதைவிட, ஒருவர் கட்டி ஓட்டிச் சலித்துப்போன ஜிப்ஸியோ எஸ்டீமோ போலோவோ வாங்குவது எப்போதும் மலிவு. அவர் கேஜுக்கும் சம்ப் கார்டுக்கும் கொட்டிய காசில் பாதிகூடத் திரும்பி வராது என்பது அவருக்கே தெரியும். ஆனால் இந்தக் கார்களின் காகிதம் பெரும்பாலும் அவற்றின் பம்பரைவிட மோசமான நிலையில் இருக்கும். எஞ்சின் மாற்றியிருப்பார்கள், ஆர்.சி.யில் பழைய எண்ணே இருக்கும். பதிவு செய்து 15 ஆண்டு தாண்டியிருக்கும், புதுப்பித்திருக்க மாட்டார்கள். மூன்று கை மாறியிருக்கும், பெயர் மட்டும் முதல் ஆளிடமே நிற்கும். வேகமாக ஓட்டும் மூடிய பகுதியான ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்த ஸ்டேஜுக்கும் இடையே பொதுச் சாலையில் ஓட வேண்டியிருந்தால் ஆர்.சி., இன்சூரன்ஸ், விதிகள் எல்லாம் மற்ற கார்களைப் போலவே இதற்கும் உண்டு. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரும் சும்மா இருந்துவிட முடியாது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்றுவிட்டேன் என்று கையைக் கழுவ முடியாது.

தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் காரையே ராலிக் காராக்குவது சிக்கனம் போலத் தெரியும். வேண்டாம். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருக்கக் கூடாது. சின்ன மோதலில்கூட மண்டை அதில்தான் போய் இடிக்கும்.

கேஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உயிர் தப்புவதும் தப்பாததும் அதில்தான் இருக்கிறது, ஏமாற்றும் அதில்தான் அதிகம். உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதி தையல் இல்லாத, குளிர் நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாயைக் கேட்கிறது. இழுவிசை வலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன். முதன்மை வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம் என்றால் சுவர் 2.5 மி.மீ., 50 என்றால் 2. கேட்டும் கட்டிலும் செய்யும் வெல்டு குழாயிலும் இதே அளவு கிடைக்கும். பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே வித்தியாசம் தெரியாது. கார் புரளும்போது தெரியும். பட்டறையில் கேஜ் கட்டக் கொடுத்தால், குழாய் வாங்கிய பில், மில் டெஸ்ட் சான்றிதழ், வெல்டிங் நடக்கும்போது எடுத்த படங்கள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மிஞ்சிய குழாயில் ஒரு துண்டையும் எடுத்து வையுங்கள், பின்னால் சாட்சியாகும்.

செகண்ட் ஹேண்ட் பெல்ட், சீட் விற்பவர்கள் விலையை மட்டும்தான் சொல்வார்கள். எஃப்.ஐ.ஏ.யின் 8855-1999 தரத்துச் சீட்டுக்குத் தயாரித்த தேதியிலிருந்து 5 ஆண்டுதான் ஆயுள். பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. லேபிளில் எழுதியிருக்கும். ஒருமுறை பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட்டும் ஹெல்மெட்டும் தேதி மிச்சமிருந்தாலும் குப்பைதான். ஹாலோகிராம் ஸ்டிக்கர் இல்லாமல் ஆன்லைனில் பாதி விலைக்கு வருவதைத் தொடவே தொடாதீர்கள். காலாவதியான பெல்ட்டோடு போனால் போட்டிக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் நிறுத்துவார்கள். நிறுத்தாத போட்டி அதைவிட ஆபத்தானது.

சூட்டும் கழுத்துக் காப்பும் இரண்டு பேர் மாற்றி மாற்றி உடுத்தலாம். வாரக்கணக்கில் அலமாரியில் தூங்கும் பொருட்கள் அவை. கிளப்பே வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுத்தால் புதியவரின் முதல் செலவில் பெரும் பகுதி குறையும்.

காரையே வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தம் இல்லாமல் சாவியைத் தொட வேண்டாம். புரண்டால் உங்கள் பொறுப்பு எத்தனை ரூபாய் வரை, எஞ்சின் தானே போனால் யார் செலவு, முதல் ஸ்டேஜிலேயே கார் நின்றால் பணம் திரும்புமா என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

பயிற்சிக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரவுநேரக் காற்றாலைச் சாலைகளையும் தேடிப்போகும் வழக்கம் இருக்கிறது. மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் 189-ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை 1 ஆண்டு வரை, 10,000 ரூபாய் வரை. மைதான வாடகையை நான்கு பேர் பிரித்துக்கொண்டால் இதைவிடச் சல்லிசு.

கட்டணம் கட்டும் முன் நடத்துபவரிடம் கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் பெர்மிட் எண் எது? மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி எங்கே? ஆம்புலன்ஸ் எத்தனை? போட்டி ரத்தானால் பணம் எப்போது திரும்பும்? லைசென்ஸோடு வரும் விபத்துக் காப்பீடு எவ்வளவு? பெர்மிட் இல்லாத போட்டியில் ஓடினால் உங்கள் போட்டி லைசென்ஸுக்கே ஆபத்து வரலாம். விதிப்புத்தகம் இல்லாமல் ஒரு தனிநபரின் யு.பி.ஐ. எண்ணை மட்டும் அனுப்புகிறவரைத் தாண்டிப் போய்விடுங்கள்.

தகராறு வந்தால் களத்திலேயே தீர்க்கும் வழியும் உண்டு. தற்காலிக முடிவுப் பட்டியல் ஒட்டிய 30 நிமிடத்துக்குள், எழுத்தில், கட்டணத்தோடு ஆட்சேபம் கொடுக்கலாம். போட்டியின் நடுவர்களான ஸ்டீவர்டுகளின் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால், மேல்முறையீடு செய்யப்போவதாக ஒரு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டீக்கடையில் நின்று திட்டிக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும்.

பட்டறை மட்டமான குழாய் போட்டாலோ, வாடகைக் கம்பெனி டெபாசிட்டைத் திருப்பித் தராவிட்டாலோ, நுழைவுக் கட்டணம் மாயமானாலோ நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கடை புனேயில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணில் முதல் புகாரைச் சொல்லலாம். தனி ஆளிடம் வாங்கிய பழைய காருக்கு மட்டும் இது உதவாது, அதற்கு சிவில் கோர்ட்தான். எண்டார்ஸ்மென்ட் வாங்கியும் க்ளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம், சென்னையிலேயே அலுவலகம் உண்டு. பாதையோரம் நின்று அடிபட்ட ஊர்க்காரருக்கும் உரிமை உண்டு. யார் தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழி செய்கிறது. போட்டியாளர் கையெழுத்திட்ட பொறுப்புத் துறப்புப் படிவம் அந்த ஊர்க்காரரைக் கட்டுப்படுத்தாது.

கிளப்புகள் செய்யக்கூடியது ஒன்று பாக்கி இருக்கிறது. பின்லாந்தின் 'யோக்கிஸ்', ஸ்வீடனின் 'ஃபோக்ரேஸ்' என்ற மலிவுக் கார்ப் பந்தயங்களில் ஓடிய எந்தக் காரையும், போட்டி முடிந்ததும், விதியில் நிர்ணயித்த சிறு விலைக்கு இன்னொருவர் கேட்கலாம். கொடுக்க மறுத்தால் தண்டனை. அந்த விலைக்கு மேல் எஞ்சினில் காசைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? பாதுகாப்புச் சாமானை அந்த விலையில் சேர்க்காமல், ஒரு போட்டிக்கு இத்தனை டயர்தான் என்ற வரம்போடு, இதே ஏற்பாட்டை இங்கே ஒரு நாள் ராலிகளின் புதியவர் பிரிவில் கொண்டுவரலாம். விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். உறுப்பினராக இருப்பவர்கள் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகவே கொண்டுபோகலாம்.