சின்னஞ்சிறு தீவு சொல்லும் சேதி

1965ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள். டில்லிப் பட்டணத்திலே உலகத் திரைப்பட விழா! பல நாட்டுப் படங்கள் வந்தன, பெரிய பெரிய நாடுகளெல்லாம் போட்டியிட்டன. தங்க மயில் பரிசு யாருக்கு? கடலுக்கு நடுவே கிடக்கும் சின்னஞ்சிறு தீவாம் இலங்கையிலிருந்து சென்ற 'கம்பெரலிய' என்ற சிங்களப் படத்துக்கு!

அதே திங்கள் 27ஆம் நாள். இங்கே சிதம்பரத்திலே, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் போலீசாரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். களவாடினானா? கலகம் விளைத்தானா? இல்லை! என் மொழி இருக்க, இந்தி எனக்கு எசமானனாக வேண்டாம் என்றான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்!

ஒரே நாடு, ஒரே திங்கள். அயலான் மொழிக்கு மயில், நம் மொழிக்கு ரவை!

சிங்களத்துக்குப் பரிசு தந்தது தவறு என்றா சொல்கிறோம்? இல்லை, தோழர்களே! பேசுவோர் தொகை சிறிதாயினும், ஒரு மொழி தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கினால் உலகம் எழுந்து நின்று வணங்கும் என்பதற்கு அந்தத் தங்க மயில் சாட்சி. அதைத்தான் சொல்கிறோம்.

கடலூர் முதுநகரிலே கூட்டம் முடிந்து, தேநீர்க் கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். மூட்டை சுமக்கும் தோழர் ஒருவர் வெடுக்கென்று கேட்டார்: "அண்ணே, நம்ம சனத்தைக் கொன்னவங்க எடுக்கிற படம், நமக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தோர் வாழும் முகாம்கள் நம் கடலூர் மாவட்டத்திலும் உண்டு. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை மறக்க நாம் கல்லா, மரமா? ஆயினும் அந்தப் படவுலகம் யார் மடியில் பிறந்தது என்பதையும் தோழர் அறிய வேண்டும்.

முதல் சிங்களப் பேச்சுப்படம் 'கடவுனு பொரொந்துவ', 1947 ஜனவரியில் வெளிவந்தது. எடுக்கப்பட்ட இடம் எது? கொழும்பா, கண்டியா? அல்ல, நம் மதுரை! எடுத்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சின்ஹா என்ற வங்காளி. கதாநாயகி ருக்மணி தேவி; அவர் பிறந்தபோது இட்ட பெயர் டெய்சி ராசம்மா! சிங்களத் திரைக்குத் தொட்டில் கட்டிய கைகளிலே தமிழன் கையும் உண்டு.

பெருமைதான். ஆனால் பெருமைக்குப் பின்னே ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது பகுத்தறிவாளனுக்கு அழகல்ல. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் சிங்களப் படங்கள் தென்னாட்டு ஸ்டுடியோக்களிலே தயாராயின. நம் கதை, நம் மெட்டு, நம் அட்டைக் கோட்டை! பேச்சு மட்டுந்தான் சிங்களம். இந்திப் படம் வந்து நம்மை அமுக்குகிறது என்று குமுறினோமே, அன்று அந்தத் தீவுக்கு நாம்தான் பெரியண்ணன்!

அந்த நிழலிலிருந்து வெளியேறினார் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். 1956இல் 'ரேகாவ' என்ற படம். கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கே போனார். அட்டை மரம் இல்லை, அசல் மரம். விளக்கொளி இல்லை, வெயில். வசூல் இல்லை, நட்டந்தான். ஆயினும் 1957இல் பிரான்சு நாட்டின் கான் விழாப் போட்டிக்கு அந்தப் படம் சென்றது. அவருடைய அடுத்த முழுநீளப் படம் 1960இல் வந்த 'சந்தேசய'. அதற்கு முதல் போட்டவர் யார்? கே. குணரத்தினம், ஒரு தமிழர்! பின்னர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைப் படமாக்கினார். பழம்பெருமை பேசும் கிராமத்துக் குடும்பம் நொடிந்து விழும் கதை. அதுதான் தங்க மயில் பெற்ற 'கம்பெரலிய'.

இங்கேதான் கவனிக்க வேண்டும், தோழர்களே! 'ரேகாவ' வந்த அதே 1956இல்தான் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டமும் வந்தது. கலைஞன் தன் மொழியைத் தூக்கி நிறுத்தினான், ஆள்வோர் அடுத்தவன் மொழியைக் கீழே தள்ளினர். முன்னது மொழிப்பற்று, பின்னது மொழிவெறி. முன்னது தீபம், பின்னது தீ!

அந்தத் தீ என்ன செய்தது? 1983 ஜூலையில் தமிழர் வீடுகளை எரித்தது, கடைகளை எரித்தது. எத்தனையோ சிங்களப் படங்களை ஈன்றெடுத்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டுடியோவையும் எரித்தது! தமிழனைச் சுடுவதாக எண்ணித் தன் கலையையே சுட்டுக்கொண்டது வெறி.

ஆனாலும் அந்த மண்ணிலே மனிதர்கள் மாண்டுவிடவில்லை. தர்மசேன பத்திராஜ என்ற சிங்களர், யாழ்ப்பாணம் சென்று தமிழிலேயே 'பொன்மணி' என்ற படத்தை 1977இல் தந்தார். பிரசன்ன விதானகே 1997இல் 'புரஹந்த களுவர' எடுத்தார். கதை என்ன? போருக்குப் போன மகன் முத்திரையிட்ட பெட்டியாகத் திரும்பி வருகிறான். கண்ணற்ற கிழவனார் நம்பவில்லை. நட்டஈட்டுத் தாளில் ஒப்பமிட மறுக்கிறார். புதைத்ததைத் தோண்டினால், உள்ளே பிணம் இல்லை. வாழைத்தண்டும் கல்லும்! சர்க்கார் சும்மா இருக்குமா? 2000இல் தடை போட்டது. 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது.

அதே விதானகே, சிங்களச் சிப்பாயாக இருந்த ஒருவனுக்கும், போரில் எல்லாம் இழந்த தமிழ்ப் பெண்ணுக்கும் நடந்த திருமணத்தைக் கதையாக்கினார். அந்தப் படம் 2014இல் சென்னைக்கு வந்தது. வரவேற்றோமா? மிரட்டல்கள் வந்தன, காட்சிகள் நிறுத்தப்பட்டன! தமிழச்சியின் கண்ணீரைச் சிங்களவன் படமாக்கிக் கொண்டுவந்து காட்டுகிறான், தமிழன் தலைநகரிலே திரை விழவில்லை. கொழும்பு சர்க்கார் போட்ட தடைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சிதம்பரத்திலே சிலையாக நிற்கும் இராசேந்திரன், இந்தி பேசும் மனிதனைப் பகைத்தா மாண்டான்? இந்தியின் ஆதிக்கத்தை எதிர்த்து மாண்டான். ஆதிக்கத்தை எதிர்ப்போம், அழுகிற மனிதனை அணைப்போம். நம் மன்றங்களிலே, படிப்பகங்களிலே திரை கட்டி, சிறிய நாட்டின் நல்ல படங்களையும் காட்டுவோம்.

இவ்வளவும் கேட்ட முதுநகர்த் தோழர், ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கண்ணு தெரியாத கிழவன் படத்தை மொதல்ல போடுங்கண்ணே. புள்ளையப் பறிகொடுத்தவன் எந்த பாஷையில அழுதாலும் நமக்குப் புரியும்."